சுண்டெலி தூவின றஸ்க்: ஒல்லாந்தில் ஐந்து நாள்

முதலாம் நாள், ஆமெர்ஸ்ஃபோர்ட்

சித்தப்பாவின் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன். கொழும்பிலிருந்து டோஹா, டோஹாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து ரயில். பெட்டிக்குள் எனக்கு இரண்டு சேட்டு. மிச்சமெல்லாம் சித்தி சொல்லிவிட்ட சரக்குத்தூள், மிளகாய்த்தூள், ஒடியல் மா.

வாசலிலேயே சித்தி பிடித்துக்கொண்டா. "துடக்கு வீடு. முப்பத்தொண்டு முடியேல்லை. நீ மேல போய்ப் பிள்ளையைப் பார், ஆனா அங்க ஒண்டும் வாயில வைக்காத. சாப்பாடு கீழதான்."

மேலே போனால் கட்டிலின் நாலு காலுக்கும் கீழே கட்டை வைத்து இடுப்பளவு உயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண், பிள்ளையின் காய்ச்சலை அளந்துகொண்டிருந்தா. க்ராம்ஸோர்க் என்று ஒரு ஏற்பாடு இங்கே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சுமார் எட்டு நாளைக்கு ஒரு தாதி வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பா. அவ குனிந்து முதுகை முறிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டை. நமது ஊரில் பேத்திக்கு வயிற்றுப்போக்கென்றால் அம்மம்மா ஓடுவா. இங்கே அரசாங்கம் ஒரு அம்மம்மாவை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கதிரையில் இருக்கமுன்னமே தாதி ஒரு தட்டை நீட்டினா. வட்டமான றஸ்க், மேலே வெண்ணெய், அதன்மேல் ரோஸும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டி உருண்டைகள்.

"எடுங்கோ அண்ணா, சுண்டெலி," என்றாள் தங்கச்சி.

மாய்ஷஸ் என்றால் ஒல்லாந்து மொழியில் குட்டி எலிகள். உருண்டைக்கு உள்ளே இருப்பது சோம்பின் ஒன்றுவிட்ட தம்பியான அனிஸ் விதை. அதைச் சீனிப்பாகில் உருட்டி உருட்டி மூடும்போது சிலதில் காம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது எலிவால். பிள்ளை பிறந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இதைக் கொடுத்தே ஆகவேண்டும். பெடியன் என்றால் நீலம், பெட்டை என்றால் ரோஸ். நீலம் 1990களில்தான் வந்ததாம், அதற்கு முதல் எல்லாப் பிள்ளைக்கும் ரோஸும் வெள்ளையும்தான்.

ஏன் அனிஸ் என்று தாதியிடம் கேட்டேன். பால் சுரக்கும் என்று அந்தக் காலத்துச் சனம் நம்பியது, எலி என்றால் பிள்ளைப்பேறு பெருகுவதற்கு அடையாளம் என்றா. கீழே அடுப்பில் சித்தி அதே பாலுக்காகச் சரக்குக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தா. மல்லி, மிளகு, சீரகம், உள்ளி வாசம் மாடிப்படியால் ஏறி வந்தது. சித்திக்கு ஒரு சத்தமும் காட்டாமல் நான் இரண்டு றஸ்க் சாப்பிட்டேன். கடித்தால் பொருபொருவென்று நொறுங்கும், உருண்டைகள் நாலு பக்கமும் ஓடும். அதைச் சிந்தாமல் சாப்பிடுவதற்கு ஒரு வித்தை இருக்கவேண்டும், எனக்கு வரவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். டி றாய்ட்டர் என்று பெயர். 1860இல் பார்ன் என்ற ஊரில் ஒரு பேக்கரியாகத் தொடங்கியது. பார்ன் எங்கே என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"ரெயின்ல பத்து நிமிசம் வராது. அங்க என்ன பாக்கப் போறியள்? ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லாத ஊர்களைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சபலம்.

இரண்டாம் நாள், பார்ன்

இருபத்தையாயிரம் பேர் அளவில் இருக்கும் ஊர். ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் பெரிய பெரிய வீடுகள். 1874இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயில் பாதை வந்தது. பணக்கார வியாபாரிகள் நகரத்து நாற்றத்திலிருந்து தப்பி இங்கே வில்லா கட்டிக் குடியேறினார்கள். அதாவது, கோர்னேலிஸ் ருட்கெருஸ் டி றாய்ட்டர் என்ற பேக்கரிக்காரர் 1860இல் போறணையை மூட்டியபோது இது ஒரு கிராமம். பதினாலு வருசத்தில் வாடிக்கையாளர்கள் ரயிலேறி அவருடைய வாசலுக்கே வந்தார்கள். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அதிர்ஷ்டக்காரரும்கூட என்று எனக்குப் படுகிறது.

லான்ஸ்ட்ராட் என்ற கடைத்தெருவில் நடந்தேன். தெருமுடிவில் பிரிங்க் என்ற சதுக்கம், பழைய பவுலுஸ் தேவாலயம். சைக்கிள்கள், பூக்கடை, சீஸ் கடை, வயதான தம்பதிகள், அவர்களைவிட வயதான நாய்கள். அந்தப் பேக்கரி எங்கே இருந்தது என்று காட்ட ஒரு பலகையும் என் கண்ணில் தட்டுப்படவில்லை. ஒரு கடையில் கேட்டேன். கல்லாவில் நின்ற அம்மா தோளைக் குலுக்கினா. "அதுவா? அது இப்ப எல்லா இடத்திலும் இருக்கிறது, இங்கேதான் இல்லை."

குடும்பத்துப் பேக்கரி மெல்லமெல்ல இனிப்புத் தூவல் செய்யும் தொழிற்சாலையாகியது. அரண்மனைக்குப் பொருள் கொடுக்கும் உரிமை கிடைத்தது. பிறகு அமெரிக்கக் கம்பனியான ஹெய்ன்ஸ் அதை வாங்கியது. பார்னில் இப்போது தொழிற்சாலையும் இல்லை. இந்த நாட்டுச் சனம் பாணுக்கு மேலே சொக்லேட் துகள் தூவிக் காலைச் சாப்பாடு என்று சொல்லிச் சாப்பிடுகிறதே, ஹாகல்ஸ்லாக், அதுவும் இந்தப் பெயரில் விற்கிறது. (சொக்லேட் துகளைக் கண்டுபிடித்த பெருமை வென்ஸ் என்ற வேறு கம்பனிக்கு, 1936.) பேக்கரிக்காரருடைய குடும்பப் பெயர் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் நிற்கிறது. அந்தப் பெயரில் பாண் வாங்கத்தான் இடமில்லை.

மனம் ஆறாமல் இரண்டு கிலோமீற்றர் நடந்து சூஸ்ட்டைக் அரண்மனை வரைக்கும் போனேன். வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் கையை வளைத்து அணைக்க வருகிறமாதிரிக் கட்டடம். எதிர்ப்பக்கம் வாட்டர்லூ சண்டையின் ஞாபகமாக ஊசிபோல ஒரு கல்தூண். கேற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன், அவ்வளவுதான் முடிந்தது. யூலியானா இளவரசியும் பிறகு ராணியுமாக 1937 முதல் 2004இல் சாகும்வரை இருந்தது இங்கேதான். 1938 ஜனவரி 31இல் அவருடைய மகள் பெயாட்ரிக்ஸ் பிறந்ததும் இந்த வீட்டில்தான். அரச குடும்பத்தின் பெயரே ஒறேஞ்ச். ஆகவே அந்தப் பிறப்புக்கு டி றாய்ட்டர் தோடம்பழ நிறத்தில் எலி உருட்டியது. 2003 டிசம்பரில் இப்போதைய பட்டத்து இளவரசி அமாலியா பிறந்தபோது அதே நிறம் கொஞ்சநாளைக்கு நாடு முழுக்கக் கடைகளில் கிடைத்தது.

நினைத்துப் பார்த்தால் இது பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளைப்பேறுதான். அரண்மனையும் பேக்கரியும் ஒரே ஊர். நம்மூரில் என்றால் பேக்கரிக்காரர் ஒரு பெட்டி கேக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். இவர் சீனியின் நிறத்தை மாற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள், ஒரு சின்ன ஊர்

பேக்கரி தேடி ஏமாந்து வந்த கதையை இராச்சாப்பாட்டில் சொன்னேன். சித்தப்பா சோத்தைக் குழைத்தபடி, "உனக்குப் பேக்கரிதானே பாக்கவேணும்? விடிய மூண்டு மணிக்கு எழும்புவியோ?" என்றார்.

சித்தப்பா 1985இல் அகதியாக இங்கே வந்தார். கடதாசி கிடைத்தபிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு சின்ன ஊர்ப் பேக்கரியில் தட்டுக் கழுவுவது. பதினொரு வருசம் அங்கேயே நின்றார். முதலில் கழுவினார், பிறகு மா நிறுத்தார், கடைசியில் போறணைக்கு முன்னால் நின்றார். ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் எழுதவேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். மூன்றாம் தலைமுறை, அறுபது தாண்டிய மனிசன்.

இருட்டுக்குள் காரை நிற்பாட்டியபோதே வாசம் வந்தது. எங்கள் ஊரில் போறணைக்குள் தென்னம்மட்டையும் பனங்கொட்டையும் எரியும் வாசம் இருக்கும், இங்கே அது இல்லை, ஆனால் மா வேகிற வாசம் அதேதான். பின்கதவால் நுழைந்ததும் முதலாளி சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து முதுகில் மூன்றுதரம் அடித்தார். மூன்றுதரமும் சித்தப்பாவின் கறுத்த ஜம்பரில் வெள்ளையாகக் கை அச்சு விழுந்தது.

சொந்த இடத்தில் சுட்டு விற்கிற பேக்கரிக்காரரை இவர்கள் 'சூடான பேக்கரிக்காரர்' என்கிறார்கள். சுப்பர்மார்க்கெட் வந்தபிறகு வந்த பெயராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆறின பேக்கரிக்காரர் என்று ஒருவர் எதற்கு?

றஸ்க் எப்படிச் செய்வது என்று கேட்டேன். பெஸ்காய்ட் என்று திருத்தினார், தொண்டைக்குள்ளிருந்து வருகிற அந்த 'க' எனக்கு இன்றுவரை வரவில்லை. முட்டை சேர்த்த இளகின மாவைச் சின்ன உருண்டையாக்கி வட்டத் தகரங்களில் வைத்து மேலே மூடி போடுவார்கள். மாவு பொங்கி மூடியில் முட்டும். அதனால்தான் மேலும் கீழும் தட்டையாக வருகிறது. முதல் வேக்காட்டில் வருவது மெத்தென்ற ஒரு பணிஸ். அதை ஆறவிட்டு, மறுநாள் குறுக்காக இரண்டாக வெட்டி, திரும்பவும் போறணையில் காயவிடவேண்டும். இரண்டு நாள் வேலை, இரண்டு தரம் நெருப்பு.

"இப்ப செய்யிறீங்களா?"

சிரித்துவிட்டுச் சுவரோரத்தைக் காட்டினார். அந்த வட்டத் தகரங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றில் ஆணி, ஒன்றில் ரப்பர் வளையம், ஒன்றில் பென்சில் துண்டுகள். "என் அப்பாவோடு நின்றுபோனது. ஒரு பொதி கடையில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று பார்த்தாயா? அந்தக் காசுக்கு எனக்கு மின்சாரமே காணாது." பொதியில் வரும் றஸ்கின் ஓரத்தில் விரல் நுழைய ஒரு சின்ன வெட்டு இருப்பதைச் சித்தப்பா எடுத்துக் காட்டினார். உடையாமல் எடுப்பதற்காம். மெஷினோடு எந்தப் போறணையும் போட்டி போடமுடியாது. அல்மெலோவில் 1867இல் ஒரு குடும்பம் தொடங்கிய பொலட்ஜே பேக்கரி, 1950களில் உருண்டை பிடிக்கும் மெஷின் செய்ததோடுதான் நாட்டுக்கே றஸ்க் கொடுக்கிற கம்பனியாகியது.

பெஸ்காய்ட்டுக்குக் கப்பல் கதையும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வோர்மர், யிஸ்ப் என்ற இரண்டு கிராமங்களில் பதினேழாம் நூற்றாண்டில் தெருமுழுக்கப் பேக்கரி. கடலில் மாதக்கணக்காகக் கெடாமல் இருக்கக் கல்லுப்போல இரட்டை வேக்காட்டு றஸ்க் செய்து கப்பல்களுக்கு ஏற்றினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போறணை மூட்ட மணி அடிப்பார்களாம். 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரான பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் வயிற்றிலும் இந்த மாதிரி றஸ்க்தான் இருந்திருக்கும். பாணும் போறணையும் பறங்கியன் விட்டுப்போன சொற்கள். ஒல்லாந்தன் நமக்கு விட்டுப்போனது என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குக் கடை திறந்தது. முதல் ஆள் ஒரு பாட்டி. முழுசா அரையா, வெள்ளையா பிறவுணா, வெட்டவா வேண்டாமா என்று முதலாளியின் மகள் மூன்று கேள்வி கேட்டா. பாட்டி ஒரு விரலை உயர்த்தினா, அதிலேயே மூன்றுக்கும் பதில் இருந்தது. அரை பிறவுண், வெட்டினது. எங்கள் அரை றாத்தல் பாண் கணக்கு. சில்லறை கொடுக்க மகள் மேசைக்குக் கீழே பழைய மர இழுப்பறையை இழுத்தா. அது பாதியில் இறுகிவிட்டது. முதலாளி உள்ளேயிருந்து ஏதோ கத்தினார். அதில் ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்டது: லாச்சே.

"சித்தப்பா, என்ன சொன்னவர்?"

"லாச்சியைத் தூக்கி இழு எண்டவர்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் அம்மம்மாவின் மேசை லாச்சி. அப்பா வேலைக்குப் போன கந்தோரும் இவர்களுடைய கன்தோர்தான் என்றார் சித்தப்பா. துட்டும் இவர்களுடைய டொய்ட் என்ற காசுதான் என்பார்கள். கோட்டையைவிட இதெல்லாம் நல்லாய் உழைத்திருக்கிறது. சிங்களவர் புதுவருசத்துக்குச் சுடும் கொக்கிஸ்கூட 'கூக்யஸ்' என்ற இவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது.

எட்டு மணிபோலக் கூட்டம் குறைந்தது. மேசையில் கோப்பி வந்தது. 1944–45 பனிக்காலத்தைப் பற்றி முதலாளி பேசினார். ஜேர்மன்காரன் மேற்கு மாகாணங்களுக்கு உணவை மறித்த அந்தப் பட்டினிக் குளிர்காலத்தில் இருபதாயிரம் பேரளவில் செத்தார்கள். சனம் துலிப் கிழங்கை அவித்துச் சாப்பிட்டது. 1945 தொடக்கத்தில் செஞ்சிலுவைக் கப்பல்களில் சுவீடனிலிருந்து மா வந்தது. அதைப் பாணாகச் சுட்டுக் கொடுத்தது உள்ளூர்ப் பேக்கரிகள். முதலாளியின் தாத்தா மாதக்கணக்காகக் குளிர்ந்து கிடந்த போறணையைத் திரும்ப மூட்டியது அந்த மாவுக்குத்தான். வெள்ளைப் பாணை வாங்கிய சனம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, தெருவிலேயே நின்று, வெண்ணெய் ஒன்றும் இல்லாமல் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டது என்று தாத்தா சொல்லுவாராம். "கேக் மாதிரி இருந்தது என்றார்கள். வெறும் பாண்தான்."

சித்தப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு ஒல்லாந்து மொழியிலேயே மெதுவாகச் சொன்னார். சிறிமாவோ காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்குத் தாங்கள் பாண் கியூவில் நின்றது, முன்னால் நின்றவரோடு பாண் முடிந்துபோனது, வெறும் பையோடு திரும்பிவந்த தன்னை அம்மா அடிக்காமல் அழுதது. பதினொரு வருசம் ஒன்றாக வேலைசெய்த மனிதர்கள். இந்தக் கதையை முதலாளி இன்றைக்குத்தான் கேட்கிறார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

போகும்போது இரண்டு பாண் தந்தார், காசு வாங்கவில்லை. மகள் இன்னும் ஐந்து வருசம் பார்ப்பாவாம். அதற்குப் பிறகு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நாலாம் நாள், கௌடா

நித்திரை போதாத உடம்போடு போனதால் இந்த ஊரை நான் நியாயமாகப் பார்க்கவில்லை என்று முதலே சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை, சீஸ் சந்தை நாள். மஞ்சள் சக்கரங்களை வரிசையாக அடுக்கி, வெள்ளை உடுப்புக்காரர் கையில் கை அடித்து விலை பேசுகிறார்கள். உல்லாசப் பயணிகளுக்காக நடக்கிற நாடகம், ஆனாலும் பார்க்கலாம். சதுக்கத்தின் நடுவில் 1450இல் முடித்த நகரசபைக் கட்டடம். பக்கத்துத் தெருவில் 123 மீற்றர் நீளத்துக்குச் சின்ட் யான் தேவாலயம், நாட்டிலேயே மிக நீளமானது. அதன் கண்ணாடி ஓவியங்களைப் பற்றி எழுத வேறொரு ஆள் வேண்டும்.

நான் போனது ஸ்ட்ரோப்வாஃபல் என்ற பாணி வாஃபலுக்கு. 1810இல் கெரார்ட் கம்ப்ஹாய்சன் என்ற பேக்கரிக்காரர், மிஞ்சின துகள்களைப் பாணி விட்டு ஒட்டிச் செய்தது என்று ஊர் சொல்கிறது. கிடைத்திருக்கும் மிகப் பழைய செய்முறை 1840இனுடையது. இடையில் உள்ள முப்பது வருசம் வாய்க்கதை. எனக்கு வாய்க்கதை பிடிக்கும், அதனால் குறைசொல்லவில்லை. ஏழைகளின் பலகாரமாகத் தொடங்கி, அந்த நூற்றாண்டில் இந்த ஓர் ஊரிலேயே நூறு பேரளவில் இதைச் சுட்டார்கள். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1960இல் பதினேழு, இன்றைக்கு விரல்விட்டு எண்ணலாம். கம்ப்ஹாய்சன் பெயரில் சந்தைச் சதுக்கத்தில் ஒரு காட்சிக்கூடமே நடக்கிறது.

தெருவோரக் கடையில் நின்று பார்த்தேன். மா உருண்டையை இரும்பு அச்சுக்குள் வைத்து நெரித்தார். ஒரு நிமிசத்துக்குள் வெந்துவிட்டது. வட்டம் வெட்டினார். அடுத்து வருவதுதான் வேலை: கை சுடச்சுட, மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்து அந்தத் தகட்டை இரண்டு தகடாகப் பிளக்கவேண்டும். பத்து வினாடி பிந்தினால் இறுகிப்போகும், பிளந்தால் உடையும். நடுவில் கறுவா வாசத்தோடு கொதிக்கிற பாணி, மேலே மற்றத் தகடு, ஒரு தட்டு. "சூட்டோடு பயம் போய்விட்டால் வந்துவிடும்," என்றார். அவருடைய பெருவிரல் நுனியில் ரேகையே இல்லை.

அந்தக் கறுவா ஒருகாலத்தில் எங்கள் தீவிலிருந்து வந்தது. மேற்குக் கரையில் பட்டை உரித்த சனத்தை ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி கசக்கிப் பிழிந்தது. சீனி சுரினாமில் அடிமைகள் வெட்டின கரும்பு. 1863 ஜூலை முதலாந்தேதிதான் இந்த நாடு அங்கே அடிமைமுறையை ஒழித்தது. அந்தப் பழைய செய்முறை எழுதப்பட்டபோது அடிமைமுறை முடிய இன்னும் இருபத்துமூன்று வருசம் இருந்தது. கையில் இருந்த சூடான வாஃபலை நான் கீழே வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும்.

வெட்டி மிஞ்சின ஓரங்களைப் பையில் போட்டுத் தனியாக விற்கிறார்கள். துகளில் தொடங்கின பலகாரத்தின் துகள். அதைத்தான் ரயிலில் தின்றுகொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள், திரும்பவும் வீடு

இன்றைக்குத் தாதி கடைசி நாள், கொப்பியில் எல்லாம் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டா. பிள்ளையின் நிறை கூடியிருக்கிறது. அயல்வீட்டு ஒல்லாந்துக் கிழவியும் கிழவனும் வந்து றஸ்க் சாப்பிட்டு, உருண்டைகளைக் கம்பளமெல்லாம் சிந்திவிட்டுப் போனார்கள். சித்தி குனிந்து சோபாவுக்கு அடியிலிருந்து விளக்குமாற்றால் எடுத்துக்கொண்டே புறுபுறுத்தா. "துடக்கு வீட்டில வந்து சாப்பிடுதுகள், பேந்து எலியையும் விட்டிட்டுப் போகுதுகள்."

எனக்கு விடியப்புறம் பிளேன். மூன்றரைக்கு எழும்பிக் கீழே இறங்கினேன். குசினியில் வெளிச்சம். சித்தி என்னைக் காணவில்லை. மேசையில் பால்தேத்தண்ணி, பக்கத்தில் டி றாய்ட்டர் பெட்டி. ஒரு றஸ்கில் வெண்ணெய் பூசி, உருண்டைகளைக் கவனமாகத் தூவி, தேத்தண்ணியில் தோய்த்தா. எங்கள் ஊரில் தோய்க்கிறமாதிரி, பாதி வரைக்கும். ரோஸ் நிறம் கரைந்து கோப்பையில் இறங்கியது. ஒன்றும் கீழே ஓடவில்லை.

சத்தம் கேட்டுத் திரும்பினா. "என்ன பாக்கிறாய்? உனக்கும் தேத்தண்ணி ஊத்தட்டே?"